‘நீ வராதே’ என்று சொல்லக் கூடாது!

“உன்னோட கா! நீ எங்க ஆட்டத்துல இல்ல!”

நான்கு வயதுக் குழந்தை இப்படிச் சொன்னால் பெரியவர்களுக்குச் சிரிப்புதான் வரும். ஐந்து நிமிடத்தில் பழம் விட்டுவிடுவார்கள் என்று நகர்ந்துவிடுவார்கள். பல நேரம் அப்படித்தான் நடக்கும். ஆனால், தினமும் ஒரே குழந்தையே ‘கா’ வாங்கினால்?

தர்மபுரி மாவட்டத்தில் உள்ள காரிமங்கலத்தில் செவ்வாய்க்கிழமை வாரச்சந்தை. அன்று எல்லா ஊர்க்காரர்களும் தோளோடு தோள் உரசித்தான் நடக்க வேண்டும். சந்தை கலைந்ததும் அவரவர் தெருவுக்குப் போய்விடுவார்கள். அந்தத் தெருக்களின் பிள்ளைகள் தினமும் ஒன்றாக உட்கார ஓர் இடம் வேண்டுமென்றால், அது அங்கன்வாடியும் மழலையர் வகுப்பும்தான்.

இந்தப் பக்கத்தில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் உண்டு. ஒரு குழந்தை பாட்டியை ‘ஆயா’ என்கும், இன்னொன்று ‘அவ்வா’ என்கும், மற்றொன்று ‘அஜ்ஜி’ என்கும். பெற்றோர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போக, பாட்டியிடம் வளரும் பிள்ளைகளும் உண்டு. இவர்களை ஒரே அறையில் உட்கார வைத்தால் மட்டும் ஒட்டுறவு வந்துவிடாது. அதைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்க்க வேண்டும்.

காலையில் வட்டமாக உட்கார்ந்ததும், “இன்னைக்கு யார் வரல?” என்று டீச்சர் பிள்ளைகளையே கேட்கலாம். வராதவரையும் நாலு பேர் தேடுகிறார்கள் என்பது எல்லோருக்கும் புரியும். பாய் விரிப்பது, டம்ளர் எடுத்து வைப்பது என்று ஆளுக்கொரு வேலையை முறை வைத்துக் கொடுக்கலாம். பேசத் தயங்கும் பிள்ளைக்கும் ‘இது என் வகுப்பு’ என்ற உரிமை வரும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், மதியச் சோறு. அங்கன்வாடிகளுக்கு அடித்தளமான ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் 1982 ஜூலையில் வந்தது. இரண்டும் பசியைப் போக்க வந்தவை. ஆனால், ‘நீ எந்தத் தெரு?’ என்று கேட்கக் கற்றுக்கொள்வதற்கு முன்பே, பக்கத்தில் உட்கார்ந்து ஒரே பானைச் சோற்றைச் சாப்பிடவும் பழக்கிவிடுகின்றன. அந்த வரிசையில் ஒரு குழந்தையைத் தள்ளி உட்கார வைத்தால், வாய் திறக்காமலே எல்லாப் பிள்ளைகளுக்கும் தவறான பாடம் நடத்தியதாகிவிடும்.

அமெரிக்காவின் சிகாகோவில் மழலையர் வகுப்பு நடத்திய விவியன் பேலி, தன் வகுப்பில் ஒரு விதி கொண்டுவந்தார். விளையாட வரும் யாரையும் ‘நீ வராதே’ என்று சொல்லக் கூடாது. ‘விதி நியாயமானதுதான், ஆனால் நடக்காது’ என்றார்கள் பெரிய வகுப்புப் பிள்ளைகள். சின்னஞ்சிறுசுகளோ அதற்குப் பழகிக்கொண்டார்கள். அந்த அனுபவத்தை 1992-ல் புத்தகமாகவே எழுதினார் பேலி.

வீட்டிலும் இதற்கு ஒரு வழி உண்டு. சாயங்காலம் குழந்தை வந்ததும், “இன்னைக்கு என்ன படிச்சே?” என்பதோடு நிறுத்தாமல், “யாரோட விளையாடினே? யாராச்சும் தனியா உட்கார்ந்திருந்தாங்களா?” என்றும் கேட்டுப் பாருங்கள். ‘ஆமா’ என்று பதில் வந்தால், “நாளைக்கு அவங்களையும் கூப்பிட்டுக்கோ கண்ணு” என்று சொல்லி அனுப்புங்கள்.

அந்த ஒரு வார்த்தைக்காக எங்கோ ஒரு குழந்தை காத்திருக்கிறது.