ஆறாவது மாடியில் ஐந்து நாள்

சென்ற இதழில் வடக மாவு கிளறும் பக்குவத்தை எழுதியிருந்தேன். "உம்ரா போய் வந்தீர்களே, அதைப் பற்றி ஒரு வரி கூட எழுதவில்லையே?" என்று இரண்டு சகோதரிகள் கேட்டிருக்கிறார்கள். எழுத ஆசைதான். ஆனால் இந்த விஷயத்தைப் பத்திரிகையில் எப்படிச் சொல்வது என்று ஒரு கூச்சம். கிடக்கட்டும், படிக்கிற நீங்களும் பெண்கள்தானே, சொல்லிவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஹஜ்ஜுக்குக் குறிப்பிட்ட நாட்கள் உண்டு. உம்ராவை மற்ற நாட்களிலும் செய்யலாம். வழியில் உள்ள எல்லையில் நிய்யத்து வைத்து 'இஹ்ராம்' என்ற கட்டுப்பாட்டுக்குள் நுழைய வேண்டும். மக்கா போய் கஃபாவை ஏழு முறை சுற்றி வர வேண்டும். இதுதான் தவாஃப். பிறகு ஸஃபா, மர்வா என்ற இரு குன்றுகளுக்கிடையே ஏழு முறை நடந்து, முடியைச் சிறிது கத்தரித்துக் கொண்டால் உம்ரா முடிந்தது.

2023 ஜனவரியில் நான், என் கணவர், மாமியார் மூவரும் எங்கள் ஊர்க் கூட்டத்தோடு கிளம்பினோம். முதலில் நாலு நாள் மதீனா, பிறகு எட்டு நாள் மக்கா. எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. மூன்று மாதமாகத் தூரம் வரவில்லை. 'நின்று போச்சு, நல்லதாப் போச்சு' என்று நானே முடிவு கட்டிக் கொண்டேன். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெட்டியில் பருப்புப் பொடி வைத்தேன், எலுமிச்சை ஊறுகாய் வைத்தேன், மாமிக்கு முட்டி வலித் தைலம் வைத்தேன். எனக்கு வேண்டிய ஒன்றை மட்டும் வைக்கவில்லை.

மதீனாவில் நாலாம் நாள் காலை. மக்காவுக்குப் பஸ் ஏற வேண்டிய நாள். அன்றைக்குப் பார்த்து வந்துவிட்டது! எங்கள் வீடுகளில் இதைத் 'தொழுகை இல்லை' என்று சொல்வோம். தொழுகை இல்லாத நாளில் தவாஃபும் கூடாது. இத்தனை வருஷம் சிறுகச் சிறுகச் சேர்த்து வந்த பயணம் இப்படியா ஆக வேண்டும் என்று குளியலறைக் கதவைச் சாத்திக் கொண்டு அழுதேன்.

மாமி கதவைத் தட்டினார்கள். முகத்தைப் பார்த்ததுமே புரிந்து கொண்டார்கள்.

"எதுக்கும்மா அழுவுறே? புள்ளை பெத்த உடம்போட ஒருத்தங்க அந்த எல்லையிலே நிய்யத்து வச்சிருக்காங்க. நீ குளிச்சிட்டுக் கிளம்பு."

அஸ்மா பின்த் உமைஸ் அவர்களைத்தான் சொன்னார்கள். நபிகள் நாயகம் கடைசி ஹஜ்ஜுக்குப் போனபோது, அதாவது 632-ம் ஆண்டில், துல்ஹுலைஃபாவில் அஸ்மாவுக்குக் குழந்தை பிறந்தது. குளித்து, துணி கட்டிக் கொண்டு இஹ்ராமுக்குள் நுழையும்படி நாயகம் சொன்னார்கள். மதீனாவிலிருந்து சுமார் பத்து கிலோமீட்டரில் இருக்கும் அதே துல்ஹுலைஃபாவில்தான் எங்கள் பஸ்ஸும் நின்றது. நானும் குளித்து, நிய்யத்து வைத்துக் கொண்டேன். அதற்கு முன்பே, மாமி சொல்லி என் கணவர் கடைக்குப் போய் ஒரு கறுப்புப் பையை வாங்கி வந்து, ஒன்றும் பேசாமல் என்னிடம் நீட்டினார். கல்யாணமாகி இருபத்து நாலு வருஷத்தில் அவர் இதை வாங்கி வந்தது அதுதான் முதல் தடவை.

மக்கா சேர்ந்ததும் எல்லோரும் ஹரமுக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் ஆறாவது மாடி அறையில் இருந்தேன். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டிடத்தின் சுவர்தான் தெரிந்தது. பாங்கு மட்டும் தெளிவாகக் கேட்டது. இஹ்ராமில் இருப்பதால் நகம் வெட்டக் கூடாது, வாசனை சோப்பு கூடாது. ஒவ்வொரு நாளும் விரல் விட்டு எண்ணினேன். எட்டாம் நாள் ஊருக்கு விமானம். அதற்குள் நிற்காவிட்டால்?

கூட வந்த ஒரு லாத்தா, "என்கிட்ட மாத்திரை இருக்கு, போட்டுக்க, நின்னுடும்" என்றார்கள். கை நீட்டி வாங்கியும் விட்டேன். நல்ல வேளை, எங்கள் ஊர் லேடி டாக்டருக்குப் போன் செய்தேன். "உங்களுக்குப் பிரஷர் இருக்கு. இன்னொருத்தர் மாத்திரையை வாயில் போடாதீங்க" என்று நன்றாகத் திட்டினார்.

நாலாம் நாள் எங்கள் கூட்டம் தன்ஈமுக்குக் கிளம்பியது. ஹரமிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர். நானும் போய், ஆயிஷா பள்ளிவாசலுக்கு வெளியே மரநிழலில் உட்கார்ந்திருந்தேன். அதே கடைசி ஹஜ் பயணத்தில், மக்காவை நெருங்கும்போது ஆயிஷா நாயகிக்கும் தூரம் வந்துவிட்டதாம். அழுது கொண்டிருந்தவரிடம், இது பெண்களுக்கு இறைவன் விதித்தது, தவாஃபைத் தவிர மற்றதையெல்லாம் செய் என்று நாயகம் தேற்றினார்களாம். பின்னர் தன்ஈம் வந்து, உம்ராவுக்கு இஹ்ராம் கட்டிப் போனார்கள். அதனால்தான் அங்கே அந்தப் பள்ளிவாசல். அவ்வளவு பெரியவர்களுக்கே நேர்ந்ததற்கு நான் ஏன் குற்றவாளி போல் ஒளிந்து கொண்டிருக்கிறேன் என்று அங்கேதான் மனசு தெளிந்தது.

ஆறாம் நாள் விடியற்காலை குளித்தேன். மாமி சக்கர நாற்காலியில் தானும் வருவேன் என்று கிளம்பிவிட்டார்கள். கஃபாவைக் கண்டதும் கேட்க ஒரு பட்டியலே வைத்திருந்தேன். மகன் வேலை, மகள் கல்யாணம், மாமி முட்டி வலி. எல்லாம் மறந்துவிட்டது. "அல்லாவே, வந்துட்டேன்" என்பது மட்டும்தான் வாயில் வந்தது.

ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு நடையும் சேர்த்து மூன்று கிலோமீட்டருக்கு மேல் வரும். குழந்தை இஸ்மாயீலுக்குத் தண்ணீர் தேடி அன்னை ஹாஜரா ஓடிய இடம். பச்சை விளக்கு எரியும் பகுதியில் ஆண்கள் ஓட்டமாகப் போவார்கள், பெண்கள் நடந்தால் போதும். "நமக்கும் சேர்த்து அவங்க ஓடிட்டாங்க. நீ மெதுவா நட" என்றார்கள் மாமி. மர்வாவில் சின்னக் கத்தரியால் என் முடி நுனியைக் கத்தரித்ததும் அவர்கள்தான்.

ஊர் வந்ததும் முதல் வேலையாக டாக்டரிடம் போனேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வராமல் இருந்தால்தான் நின்றதாகக் கணக்கு. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு முன்பின்னாகத்தான் வரும். தள்ளிப் போட மாத்திரை வேண்டுமென்றால், பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே டாக்டரைப் பாருங்கள். வரும் தேதிக்கு மூன்று நாளாவது முன்னால் ஆரம்பிக்க வேண்டும். பிரஷர், ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்த தொல்லை, ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். நான் சேர்த்துச் சொல்வது இது: மக்காவில் சில நாள் கூடுதலாக இருக்கும்படி பயணத்தை அமைத்துக் கொள்ளுங்கள். மார்க்க விஷயத்தை உங்கள் ஊர் ஆலிமிடம் முன்பே கேட்டு வைத்துக் கொள்ளுங்கள்.

என் தம்பி மனைவி அடுத்த மாதம் உம்ரா போகிறாள். போன வாரம் அவளுக்கு நான்தான் பெட்டி அடுக்கினேன். முதலில் அந்தக் கறுப்புப் பை, அதற்கு அப்புறம்தான் பருப்புப் பொடி.