ஆளைக் குறைத்தால் அலைவரிசை கூடுமா?

பிஎஸ்என்எல்லில் இன்னொரு விருப்ப ஓய்வுத் திட்டம் வரப்போவதாகப் பேச்சு அவ்வப்போது தில்லியிலிருந்து கசிகிறது. உற்பத்தித்திறனை உயர்த்துவதற்காம்! முதல் சுற்றில் அது எவ்வளவு உயர்ந்தது என்று கேட்கத்தான் ஆளில்லை.

2019 அக்டோபரில் மத்திய அரசு அறிவித்த சுமார் ரூ.69,000 கோடி சீரமைப்புத் திட்டத்தின்படி, 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் 78,569 பேர் பிஎஸ்என்எல்லை விட்டு வெளியேறினர். ஊழியர்களில் ஏறத்தாழ பாதிப் பேர். 'ஓர் ஊழியருக்கு எத்தனை இணைப்பு' என்ற சூத்திரப்படி மறுநாள் காலையே உற்பத்தித்திறன் இரட்டிப்பாகியிருக்க வேண்டும். காகிதத்தில் ஆகியும் இருக்கும். ஆனால், அப்போது 12 கோடியை ஒட்டியிருந்த கைப்பேசி வாடிக்கையாளர் எண்ணிக்கை 2024 நடுவில் 9 கோடிக்கும் கீழே போனது.

அன்று இந்த ஆள்குறைப்பை நியாயப்படுத்தியது ஓர் ஒப்பீடு. 2018-19-இல் வருவாயில் ஊழியர் செலவு பிஎஸ்என்எல்லுக்கு 75 சதவீதம். ஏர்டெல்லுக்கு 3 சதவீதத்துக்கும் குறைவு. ஜியோவுக்கு 4 சதவீதத்துக்குச் சற்று மேல். கேட்டவுடன் தலை சுற்றும். இந்தக் கணக்கு எப்படிப் போடப்பட்டது என்று பார்த்தால் தெளிந்துவிடும்.

2004-இல் ஏர்டெல் தன் வலையமைப்புப் பராமரிப்பை எரிக்சனிடமும் கணினிப் பணிகளை ஐபிஎம்மிடமும் ஒப்படைத்தது. பின்னர் வாடிக்கையாளர் சேவை மையங்களும் வெளியாருக்குப் போயின. 2007-இல் போட்டி நிறுவனங்களே கூடி இண்டஸ் டவர்ஸைத் தொடங்க, கோபுரங்களும் தனி நிறுவனத்தின் கைக்குச் சென்றன. கோபுரத்தில் ஏறுபவர், ஃபைபரை ஒட்டுபவர், தொலைபேசியில் நம் வசவை வாங்கிக்கொள்பவர் என யாரும் ஏர்டெல்லின் சம்பளப் பட்டியலில் இல்லை. அவர்களுக்கான பணம் வேறு செலவுத் தலைப்பில் போகிறது. குடும்ப அட்டையில் பெயர் இல்லாதவர்களுக்கு உணவகத்தில் சாப்பாடு வாங்கிக் கொடுத்துவிட்டு, 'எங்கள் வீட்டில் அரிசிச் செலவே இல்லை' என்று பீற்றிக்கொள்வது போன்றது இது.

அடுத்து, வகுக்கும் எண்ணான வருவாய். அது ஏன் சுருங்கியது? 2012 ஏப்ரலில் கொல்கத்தாவில் ஏர்டெல் 4ஜி சேவையைத் தொடங்கியது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து கட்டணங்களைத் தரைமட்டமாக்கியது. பிஎஸ்என்எல்லுக்கு 4ஜி அலைக்கற்றை தரும் முடிவே 2019-இல்தான் வந்தது. 2020-இல் விடப்பட்ட 4ஜி ஒப்பந்தப்புள்ளியும் சீனக் கருவிகள் பிரச்னையில் ரத்தானது. உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் நாடு தழுவிய 4ஜி தொடக்க விழா நடந்ததோ 2025 செப்டம்பர் 27-இல். ஏறத்தாழ 13 ஆண்டு பின்தங்கல்! இதில் லைன்மேன் செய்த குற்றம் என்ன?

ஆனாலும் 2022-இல் அன்றைய தொலைத்தொடர்புத் துறை அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ், ஒழுங்காக வேலை செய்யாதவர்கள் கட்டாய ஓய்வில் அனுப்பப்படுவார்கள் என்று ஊழியர்களைத்தான் மிரட்டினார். அலைக்கற்றைக் கோப்பின் மீது ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கட்டாய ஓய்வு கிடையாது போலும்.

பிஎஸ்என்எல்லில் மெத்தனமே இல்லையா என்பார்கள். இருக்கிறது, எந்த அலுவலகத்தில் இல்லை? ஆனால், 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்தியதும், அந்த ஒரே மாதத்தில் பிஎஸ்என்எல்லில் சுமார் 29 லட்சம் வாடிக்கையாளர்கள் கூடினர். அதே ஊழியர்கள், அதே மெத்தனம். உங்கள் அளவுகோல் மட்டும் துள்ளிக் குதித்தது. போட்டியாளரின் விலைப்பட்டியலுக்கு ஆடும் எண்ணைத் திறன் என்று அழைப்பவர்களிடம் வாதம் செய்து பயனில்லை.

அளக்க வேண்டியவை வேறு. புகார் கொடுத்து எத்தனை மணி நேரத்தில் இணைப்பு சரியாகிறது? அதே பழுது ஒரு மாதத்துக்குள் திரும்புகிறதா? மின்சாரம் போனால் கோபுரம் எவ்வளவு நேரம் தாங்குகிறது? ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்தால் ஒரு பழுதுக்கு எத்தனை மனித நேரம் செலவாகிறது? இவற்றை மாவட்டவாரியாக, தனியாருக்கும் சேர்த்து, மாதந்தோறும் வெளியிடட்டும். எங்கே ஆள் மிச்சம், எங்கே பற்றாக்குறை என்பது தானாகத் தெரியும்.

இதைச் செய்யாமல் மீண்டும் ஆட்களை வெளியேற்றினால், அது சீர்திருத்தம் ஆகாது; நிறுவனத்தைத் தனியாரிடம் கைமாற்றுவதற்கு முன் வீட்டைக் காலி செய்யும் வேலை.