தாத்தா காருக்குப் புது ஸ்டீரிங்! பளபளப்பா, பழைய மெருகா?

உங்கள் வீட்டில் 50 வயதான கார் இருக்கிறதா?

தொழுவத்துக்குப் பக்கத்தில், சாக்குப் போட்டு மூடி, கோழி அடைகாக்கும் இடமாக ஒரு பழைய அம்பாசிடர் கிடக்கிறதா?

அப்படியானால் அதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சட்டத்தின் கண்ணில் அது வெறும் பழைய இரும்பு அல்ல. "விண்டேஜ்" வண்டி என்று பெயர் வாங்கக்கூடிய வண்டி!

பாவூர்சத்திரம், திருநெல்வேலியில் இருந்து ஆலங்குளம் வழியாகத் தென்காசிக்குப் போகும் பெரிய ரோட்டில் இருக்கிறது. குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் இந்த ரோட்டில் கார்கள் எறும்புச் சாரிபோலப் போகும். முன்பெல்லாம் காருக்கு இந்தப் பக்கத்தில் "பிளஷர்" என்றுதான் பெயர். பிளஷர் வந்தால் பிள்ளைகள் பின்னால் ஓடுவார்கள்.

அந்தப் பிளஷர்களில் பெரும்பாலானவை உடைபட்டுப் போயின. தப்பிப் பிழைத்தவை சில. அவற்றுக்குத்தான் இப்போது யோகம் அடித்திருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

2021-ம் ஆண்டு ஜூலையில் மத்திய சர்க்கார் ஒரு விதி கொண்டு வந்தது. முதன்முதலில் பதிவான நாளில் இருந்து 50 ஆண்டு தாண்டிய காரும் மோட்டார் சைக்கிளும் விண்டேஜ் வண்டி ஆகலாம். வாடகைக்கு ஓடும் வண்டியாக இருக்கக்கூடாது.

புதிதாகப் பதிவு செய்ய ரூ.20 ஆயிரம் கட்டணம். பதிவு 10 ஆண்டு செல்லும். பிறகு புதுப்பிக்க ரூ.5 ஆயிரம். ஏற்கனவே நம்பர் உள்ள வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். புதிதாக நம்பர் வாங்கும் வண்டிக்கு "வி.ஏ." என்ற எழுத்து சேர்ந்து வரும்.

ஆனால் ஒன்று. விண்டேஜ் என்று பதிவு செய்துவிட்டால், அந்தக் காரில் தினமும் சந்தைக்குப் போக முடியாது. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது ஆகியவற்றுக்கு மட்டுமே ரோட்டில் ஓட்டலாம். ஆகவே காரை வழக்கம்போல ஓட்ட நினைக்கிறவர்கள் இந்தப் பக்கம் போக வேண்டாம். அவர்களுக்குச் சாதாரணப் பதிவே போதும். அதற்கும் இப்போது செலவு அதிகம்தான். 20 ஆண்டு தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் ரூ.10 ஆயிரம் ஆக்கிவிட்டார்கள்.

1975-ல் பதிவான கார் 2025-ல் இந்தப் படியில் ஏறியது. ஆண்டுதோறும் மேலும் மேலும் வண்டிகள் ஏறும். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் செய்த அம்பாசிடர், பம்பாயில் செய்த பியட், நம் சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு எல்லாம் இந்த வரிசையில் நிற்கின்றன.

விண்டேஜ் வண்டி அசல் உருவத்தில் இருக்க வேண்டும் என்கிறது விதி. சேசிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றைப் பெரிதாக மாற்றி இருக்கக்கூடாது.

சரி, ஸ்டீரிங்?

அதன் மெருகைப் பற்றி விதி ஒன்றும் சொல்லவில்லை. அதனால்தான் தகராறு அங்கே வருகிறது!

முதலில் வெடிப்பது அதுதான்

பழைய காரில் முதலில் கெட்டுப்போகும் பொருள்களில் ஒன்று ஸ்டீரிங் சக்கரம். உள்ளே இருப்பது இரும்பு வளையம். அதன் மேல் கடின பிளாஸ்டிக்கை வார்த்திருப்பார்கள். வெயிலில் பிளாஸ்டிக்கு உலர்ந்து சுருங்கும். இரும்பு அப்படிச் சுருங்காது. விளைவு? நெல்லை வெயிலில் நிற்கும் காரின் ஸ்டீரிங், கோடைக்காலக் குளம்போல வெடித்துவிடும்.

வெடித்த ஸ்டீரிங்கைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போகிறோம்.

"அண்ணாச்சி, இதை ஏன் கட்டிட்டு அழுறீங்க? அச்சு அசலா இதே மாதிரி புதுசு வருது. கண்ணாடி மாதிரி பளபளன்னு போட்டுத் தாரேன்" என்பார் பட்டறைக்காரர்.

அவர் சொல்வதில் பாதி உண்மை. பழைய சக்கரத்தில் அச்சு எடுத்து, இரும்பு வளையத்தின் மேல் ரெசின் ஊற்றி, அதே மாதிரி நகல் செய்ய முடியும். வெளிநாட்டிலும் செய்கிறார்கள், நம் நாட்டிலும் செய்கிறார்கள்.

மற்றப் பாதிதான் கேள்வி. "கண்ணாடி மாதிரி பளபள" என்று இருக்க வேண்டுமா?

இதில் இரண்டு கட்சி உண்டு. "செலவு செய்வதே புதிதுபோல் மின்னத்தானே?" என்பது ஒரு கட்சி. "பழைய கார் என்றால் மங்கலாகத்தான் இருக்க வேண்டும்" என்பது இன்னொரு கட்சி.

இரண்டும் தப்பு என்பது என் அபிப்பிராயம்.

தொழிற்சாலையில் இருந்து வெளிவந்த நாளில் அந்தச் சக்கரம் எப்படி இருந்தது? அதுதான் கேள்வி. 1940-களிலும் 1950-களிலும் வந்த பிளாஸ்டிக்கு சக்கரங்கள் புதிதாக இருந்தபோது நன்றாகவே மின்னின. அமெரிக்கக் கார்களில் தந்த நிறத்தில்கூட வந்தன. பிறகு கைபட்டு, வியர்வைபட்டு, வெயில்பட்டு மங்கின. அந்த மங்கல் வயதின் அடையாளம். நகல் சக்கரத்துக்கு வேண்டுமென்றே மங்கல் பூசுவது, வாலிபனுக்கு நரைமுடி ஒட்டுவது மாதிரி!

அதே சமயம் இன்றைய கார் பெயிண்டின் மேல் அடிக்கும் தடித்த "கிளியர் கோட்" பளபளப்பும் அந்தக் காலத்தில் கிடையாது. அது சக்கரத்தின் மேல் கண்ணாடிக் கூடு போட்டதுபோல் உட்கார்ந்துகொள்ளும். வெயில் பட்டால் கண் கூசும். வியர்த்த கைக்கு வழுக்கும். பழைய கார்களில் பெரும்பாலானவற்றில் பவர் ஸ்டீரிங் கிடையாது. முழுப் பலத்தோடு பிடித்து வளைக்க வேண்டும். அங்கே வழுக்கினால் என்ன ஆகும்?

அசல் நிறத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? வழி இருக்கிறது. சக்கரத்தின் நடுவில் உள்ள ஹாரன் மூடியைக் கழற்றுங்கள். வெயிலும் கையும் படாத இடம் அது. அங்கே பழைய நிறமும் மெருகும் அப்படியே இருக்கும். சக்கரத்தின் பின்பக்கத்தில், கம்பிகள் வந்து சேரும் மூலைகளிலும் பாருங்கள். பட்டறைக்காரரிடம் நிற அட்டையைக் காட்டாமல், அந்த இடத்தைக் காட்டி "இதே மாதிரி வேண்டும்" என்று சொல்லுங்கள்.

கம்பிகளுக்கும் இது பொருந்தும். 1920-களின் கடைசியில்தான் கார்களில் குரோமியம் முலாம் பரவியது. அதற்கு முன்பு நிக்கல். நிக்கலில் இலேசான மஞ்சள் சாயல் உண்டு. குரோமியத்தில் நீலச் சாயல். 1925-ம் ஆண்டுக் காரில் குரோமியம் மின்னினால், விவரம் தெரிந்தவர்கள் சிரித்துவிடுவார்கள்.

மரச் சக்கரமும் சொப்பு சாமானும்

இன்னும் பழைய கார்களில் ஸ்டீரிங் மரத்தால் ஆனது.

ஆரம்பத்தில் காருக்குச் சக்கரமே கிடையாது. படகின் சுக்கான்போல ஒரு தடியைப் பிடித்துத்தான் ஓட்டினார்கள். 1894-ம் ஆண்டு பாரிசில் இருந்து ரூவான் நகருக்கு நடந்த கார்ப் பந்தயத்தில், வஷரோன் என்ற பிரெஞ்சுக்காரர் சக்கரம் வைத்த காரை ஓட்டி வந்தார். அதன் பிறகு சக்கரம் பரவியது. போர்டு கம்பெனியின் புகழ்பெற்ற "டி மாடல்" காரில்கூட முதலில் மர வளையம்தான். பிற்பாடு ரப்பரும் கோதுமை வைக்கோலும் கந்தகமும் சேர்த்துச் செய்த கறுப்பு வளையம் வந்தது. ஆம், வைக்கோல்!

மர வளையத்துக்கு என்ன மெருகு? இதற்குப் பதில் தேடி அமெரிக்காவுக்குப் போக வேண்டாம். பாவூர்சத்திரத்தில் இருந்து கடையம் வழியாக அம்பாசமுத்திரம் போனால் போதும்.

அம்பாசமுத்திரம் சொப்பு சாமான் தெரியாத வீடு நம் பக்கத்தில் உண்டா? கடைசல் பட்டறையில் மரத்தைச் சுழலவிட்டு, நிறம் சேர்த்த அரக்கை அதன் மேல் அழுத்துவார்கள். சூட்டில் அரக்கு இளகி, மரத்தோடு ஒட்டி மின்னும். அதே அரக்கைத் தட்டையாக உலர்த்தினால் அவலரக்கு. அதை ஸ்பிரிட்டில் ஊறவைத்துத் துணியால் தேய்த்தால் பிரெஞ்சு பாலிஷ். மேல்நாட்டார் பெட்டி, பியானோ எல்லாவற்றுக்கும் போட்ட மெருகு நம் நாட்டு அரக்கில் வந்ததுதான்.

பார்வைக்கு அதைப்போல அழகு வேறு இல்லை. ஆனால் ஸ்டீரிங்குக்கு அது சரிப்படுமா? கண்காட்சியில் நிற்கும் காருக்குச் சரி. ஓடும் காருக்குச் சரியில்லை. வெயிலில் நின்ற காரில் அரக்கு பிசுபிசுக்கும். ஈரக் கை பட்டால் வெள்ளை பூக்கும். கொரோனாவுக்குப் பிறகு எல்லார் வீட்டிலும் சானிடைசர் இருக்கிறதே, அதைத் தடவிய கையோடு ஸ்டீரிங்கைப் பிடித்தால் போயிற்று. அதில் இருக்கும் சாராயச் சத்து அரக்கைக் கரைத்துவிடும்!

தச்சர்கள் இப்போது எதற்கெடுத்தாலும் "பி.யூ. பாலிஷ்" என்கிறார்கள். அது கெட்டிதான். தண்ணீருக்கும் வெயிலுக்கும் தாங்கும். ஆனால் ஓர் இடத்தில் பெயர்ந்தால் அங்கே மட்டும் ஒட்டுப் போடுவது கடினம். முழுவதும் சுரண்டித் திரும்ப அடிக்க வேண்டும். இரண்டு டப்பாக் கலவையாக வரும் பி.யூ. மருந்தைப் பீய்ச்சி அடிக்கும்போது வரும் புகை ஆஸ்துமாவையே உண்டாக்கக்கூடியது. பட்டறைப் பையனுக்குச் சரியான முகமூடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வேலையைக் கொடுங்கள். கைக்குட்டை கட்டினால் போதாது.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. ஆளிவிதை எண்ணெய்போல உலரும் எண்ணெயில் செய்த வார்னிஷ். மெல்லிய பூச்சாக நாலைந்து தடவை பூசி, ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால், மரத்தின் ரேகை தெரியும். கைக்கும் பிடிமானம் கிடைக்கும். பழைய கார்க்காரர்கள் பூசியதும் பெரும்பாலும் இந்த இனம்தான். என்னைக் கேட்டால் ஓடும் காருக்கு இதுவே ஜோர்.

வால்நட்டு மரம் கிடைக்கவில்லையா? நம் ஊர் வாகை மரத்துக்கு மர வியாபாரத்தில் "கிழக்கிந்திய வால்நட்டு" என்றே ஒரு பெயர் உண்டு.

தேய்ந்த இடத்தை அழிக்கலாமா?

காமராஜர் பயணம் செய்த எம்.டி.டி. 2727 செவ்ரலே கார் தமிழ்நாட்டுக்கே தெரியும். எம்.ஜி.ஆரின் 4777 அம்பாசிடரைச் சென்னை தியாகராயநகர் நினைவு இல்லத்தில் இன்றும் பார்க்கலாம். அப்படிப்பட்ட கார்களின் ஸ்டீரிங்கில் டிரைவரின் கை பிடித்துப் பிடித்துத் தேய்ந்த இடம் இருந்தால், அதைப் பட்டி பார்த்து மறைக்கலாமா?

மறைக்கக்கூடாது. அந்தத் தேய்மானமும் சரித்திரம்தான்.

உங்கள் தாத்தா காருக்கும் அதே நியாயம் உண்டு. சின்ன வெடிப்புகளை எம்-சீல் மாதிரிக் கெட்டிப்படும் பசையால் அடைத்து, தேய்த்து, அந்த இடத்துக்கு மட்டும் நிறம் கொடுக்கலாம். சக்கரம் உடைந்து தொங்கினால், இரும்பு வளையம் துருப்பிடித்து அற்றுப்போயிருந்தால், நகல் போடுங்கள். அங்கே தயவு தாட்சணியம் வேண்டாம். விபத்தில் முதலில் நெஞ்சில் மோதுவது ஸ்டீரிங்தான். பழைய கார்களில், மோதினால் மடங்கிக்கொடுக்கும் ஸ்டீரிங் தண்டு கிடையாது. நகல் வாங்கும்போதும் உள்ளே முழு இரும்பு வளையம் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்க வேண்டும். மெருகு பிறகு.

நகலை நகல் என்றே சொல்லவும் வேண்டும். பழைய கார்ச் சங்கங்களின் உலக அமைப்பான "பிவா" இதற்காக டூரின் சாசனம் என்று ஒரு விதித்தொகுப்பு வைத்திருக்கிறது. அசலைக் கூடியவரை காப்பாற்ற வேண்டும், மாற்றிய பாகத்தில் கண்ணை உறுத்தாத ஓர் அடையாளம் போட வேண்டும், செய்த வேலையை எழுதி வைக்க வேண்டும் என்கிறது அது. நகல் சக்கரத்துக்குச் செயற்கைக் கீறல் போட்டு, "அசல்" என்று விலை ஏற்றி விற்கும் தரகர்களிடம் ஏமாறாமல் இருக்க இதைவிட நல்ல வழி இல்லை. கார் வாங்கும்போது மாற்றிய பாகங்களின் பட்டியலையும், கழற்றிய பழைய சக்கரத்தையும் கேட்டு வாங்குங்கள். விற்கும்போது நீங்களும் அதையே கொடுங்கள்.

எப்போது செய்வது?

நம் ஊருக்கு மட்டும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

ஆனி, ஆடியில் குற்றாலச் சாரல் பாவூர்சத்திரம் வரை வீசும். காற்றெல்லாம் ஈரம். அந்த நாளில் ஸ்பிரிட்டு பாலிஷோ, தின்னர் கலந்த லாக்கர் பெயிண்டோ அடித்தால், உலரும்போது ஈரத்தைப் பிடித்துக்கொண்டு பால்போல வெளுத்துவிடும். எண்ணெய் வார்னிஷும் சீக்கிரத்தில் காயாது.

மாசி, பங்குனியில் வேலையை முடித்துவிடுங்கள். வார்னிஷ் பூசிய சக்கரத்தைத் தூசி படாத அறையில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து, பின்பக்கத்தில் நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் விழுந்தால் இன்னும் ஒரு வாரம் தொங்கட்டும். தடம் விழாவிட்டால் காரில் பூட்டலாம்.