கணிப்பொறியும் கேள்வியும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. கணிப்பொறி அறிவியல்

'கேள்வி' என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. வினவுவதும் கேள்வி, செவிமடுத்து அறிவதும் கேள்வி. திருக்குறளின் 42ஆம் அதிகாரம் 'கேள்வி' என்று பெயர் பெற்றது இரண்டாவது பொருளில்தான். வினவுகிறவனுக்குச் செவிமடுக்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்பதை நம் மொழி ஒரே சொல்லுக்குள் அடக்கி வைத்திருக்கிறது எனலாம். இக்கருத்தைக் கணிப்பொறிக்கும் பொருத்திப் பார்க்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

நம் ஆய்வுக்கூடத்தில் சி மொழியிலும் பைத்தானிலும் நாம் எழுதும் நிரல்கள் பெரும்பாலும் கறுப்புத் திரையில் ஓடுபவை. அங்கே படமும் இல்லை, பொத்தானும் இல்லை. நிரல் ஒரு வரியை அச்சிட்டு நிற்கும். பயன்படுத்துகிறவர் விசைப்பலகையில் விடை தருவார். நிரல் மேலே செல்லும். அந்த ஒரு வரிக்கு நாம் எவ்வளவு மதிப்புக் கொடுக்கிறோம்? 'என்டர் ஏ' என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். ஏ என்பது முழு எண்ணா, பின்னமா? மீட்டரா, அடியா? எழுதியவருக்குத் தெரியும், தேர்வாளருக்கும் தெரியும். மூன்றாமவர் ஒருவர் வந்து உட்கார்ந்தால் அவர் கதி என்ன?

1964ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் ஜான் கெமனி, தாமஸ் கர்ட்ஸ் என்ற இரு கணிதப் பேராசிரியர்கள் பேசிக் மொழியைப் படைத்தார்கள். அறிவியல் படிக்காத மாணவரும் கணிப்பொறியைக் கையாள வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். பின்னர் அம்மொழியில் சேர்க்கப்பட்ட 'இன்புட்' கட்டளை, ஒரு கேள்விக்குறியை அச்சிட்டுவிட்டு விடைக்குக் காத்திருக்கும். துளையட்டைகளைக் கொடுத்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருப்பது வழக்கமாயிருந்த காலத்தில் இது பெரும் மாறுதல். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வழங்கிய பேசிக்கில், எண் கேட்ட இடத்தில் எழுத்தைத் தட்டினால் 'ரீடூ ஃபிரம் ஸ்டார்ட்' என்று வரும். 'முதலிலிருந்து மறுபடி செய்' என்று பொருள். எது தவறு என்று சொல்லாவிட்டாலும், மறுபடி கேட்கும் பண்பாவது அதற்கு இருந்தது.

நம் நிரல்களுக்கு அந்தப் பண்பும் இல்லை. சி மொழியில் எண்ணை எதிர்பார்க்கும் 'ஸ்கேன்எஃப்' முன் ஓர் எழுத்தைத் தட்டினால், அது அவ்வெழுத்தை எடுத்துக்கொள்ளாமல் அங்கேயே விட்டுவிடும். சுழற்சிக்குள் எழுதிய நிரல் அதே எழுத்தில் மீண்டும் மீண்டும் முட்டி, நிற்காமல் ஓடும். பைத்தானிலோ 'வேல்யூ எரர்' என்று முடியும் பல வரி ஆங்கிலத்தைக் கொட்டிவிட்டு நிரல் செத்துவிடும். உட்கார்ந்திருப்பவர் தாம் எதையோ கெடுத்துவிட்டதாக எண்ணி எழுந்து போவார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். என் தாயார் ஓர் அலுவலகத்தில் படிவத்தை நீட்டினால், "சரியா எழுதிக்கிட்டு வாம்மா" என்று திருப்பித் தள்ளுவார்கள். எது சரியில்லை என்று சொல்லமாட்டார்கள். "நான் படிக்காததுதான் குத்தம்" என்று அவர் தம்மையே நொந்துகொள்வார். குற்றம் கேட்டவர்களிடம் இருந்தது, அம்மாவிடம் இல்லை என்பது என் உறுதியான கருத்து. நாளை நாம் எழுதும் நிரலும் அதே சாளரத்துக்குப் பின்னால் உட்காரப்போகிறது. படித்து வந்த நாமே அப்படி ஒரு சாளரத்தைக் கட்டலாமா?

இது வெறும் மரியாதைப் பிரச்சினை என்று எண்ண வேண்டாம். 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் 'தெராக்-25' என்ற கதிர்வீச்சு மருத்துவ இயந்திரம் ஆறு நோயாளிகளுக்கு அளவு கடந்த கதிரைச் செலுத்தியது. சிலர் அதனால் மாண்டனர். மென்பொருளில் இருந்த குறையும், அதைத் தடுக்கும் தனிப் பாதுகாப்புக் கருவி இல்லாமையும் அடிப்படைக் காரணங்கள். திரையில் வந்த செய்தியும் அவற்றோடு கூட்டுச் சேர்ந்தது. 1986 மார்ச்சில் டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில், திரை 'மால்ஃபங்ஷன் 54' என்று மட்டும் காட்டி நின்றது. 'பி' விசையைத் தட்டினால் தொடரலாம். இத்தகைய செய்திகள் அடிக்கடி வந்து பழகிப்போயிருந்ததால், இயக்கியவர் தட்டினார். நோயாளியின் உடலில் இரண்டாம் முறையும் கதிர் பாய்ந்தது. புரியாத செய்தியும், எளிதில் தட்டத்தக்க விடையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

அப்படியானால் எப்படிக் கேட்க வேண்டும்? என்ன வேண்டும், எந்த அலகில், எந்த வடிவில் என்று கேள்வியிலேயே சொல்ல வேண்டும். 03/04 என்றால் நமக்கு ஏப்ரல் மூன்று. அமெரிக்கருக்கு மார்ச் நான்கு. விடை பொருந்தாவிட்டால் காரணத்தைச் சொல்லி மறுபடி கேட்க வேண்டும். கேட்காமலே செய்யத்தக்கதைக் கேட்டுத் தொல்லை செய்யக்கூடாது, எதற்கெடுத்தாலும் "உறுதியா?" என்றால் கை தானாகவே 'ஆம்' என்று தட்டப் பழகிவிடும். ஆபத்தான செயலுக்கு மட்டும் சற்றுக் கடினமான விடையைக் கேட்கலாம். அறியாத கணிப்பொறியோடு முதன்முறை இணையும்போது 'எஸ்எஸ்எச்' நிரல் ஓர் எழுத்தை ஏற்காமல் 'யெஸ்' என்று முழுச் சொல்லாகத் தட்டச் சொல்கிறதே, அது நல்ல முன்மாதிரி. மனிதர் இல்லாமல் வேறொரு நிரலே நம் நிரலை இயக்கும் இடத்தில், விடையைக் கட்டளையோடு முன்கூட்டியே பெறவும் வழி வைக்க வேண்டும். இல்லையேல் பதில் சொல்ல ஆளில்லாத வீட்டில் நள்ளிரவெல்லாம் கதவைத் தட்டிய கதைதான்.

தமிழில் கேட்பது பற்றியும் சொல்லியாக வேண்டும். 2008இல் வந்த பைத்தான் 3இல் 'உங்கள் வயது என்ன?' என்று தமிழிலேயே எழுதலாம். தடை எதுவும் இல்லை. ஆனால் மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் பைத்தான் ஐந்து என்கிறது; நமக்கு மூன்றெழுத்து. பெயருக்குப் பத்தெழுத்து என்று வரம்பு வைக்கும் நிரல் நம் பெயர்களின் வாலை அறுத்துவிடும். 'குடும்பப் பெயர்' என்று தனியே கேட்டால், தந்தை பெயரின் தலையெழுத்தை மட்டுமே முன்னொட்டாகக் கொண்டவர் என்ன எழுதுவார்? கேட்பவர் பழக்கத்துக்கு நாம் வளைந்ததெல்லாம் போதும். நம் பழக்கம் அறிந்து நிரல் கேட்கட்டும்.

"கைப்பேசிக் காலத்தில் கறுப்புத் திரையைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?" என்று நண்பர்கள் நகைக்கலாம். கைப்பேசிக்குப் பின்னால் நிற்கும் பெருங்கணிப்பொறிகளை இன்றும் கட்டளை வரியில்தான் பலர் ஆள்கிறார்கள். மேலும், அலங்காரம் ஏதுமற்ற இத்திரையில் சொல் ஒன்றே துணை. இங்கே தெளிவாகக் கேட்கப் பழகியவர் எங்கும் தெளிவாகக் கேட்பார்.

எனவே ஒரு வேண்டுகோள். செய்முறைத் தேர்வில் வெளிவரும் விடைக்கு மட்டும் மதிப்பெண் தராமல், நிரல் கேட்கும் முறைக்கும் ஐந்து மதிப்பெண் ஒதுக்க ஆசிரியப் பெருமக்கள் முன்வர வேண்டும். சோதிப்பது எளிது: தமிழ்த் துறையிலோ வரலாற்றுத் துறையிலோ ஒரு மாணவரை அழைத்து உட்கார வையுங்கள். எழுதியவர் வாய் திறக்கக்கூடாது. வந்தவர் யாரையும் கேட்காமல் விடை கண்டு எழுந்தால், ஐந்துக்கு ஐந்து கொடுங்கள்.