கலாசாரத்தின் மேல் ஏன் பழி?

லண்டனிலிருந்தோ மெல்போர்னிலிருந்தோ டெல் அவிவிலிருந்தோ மூன்று நான்கு நண்பர்கள், படிப்பையோ கட்டாய ராணுவச் சேவையையோ முடித்த கையோடு, முதுகில் பெரிய பையை மாட்டிக்கொண்டு டெல்லியில் வந்து இறங்குகிறார்கள். பிறகு என்ன நடக்கும் என்பதற்கு ஒரு கதை தயாராக இருக்கிறது. முதல் வாரம் கூட்டம், சத்தம், நாற்றம், வயிற்றுப்போக்கு என்று நிலைகுலைந்து அழுவார்கள். இரண்டாம் வாரம் மெல்லத் தேறுவார்கள். மாதம் முடிவதற்குள் ரிஷிகேஷில் கங்கைக் கரையில் உட்கார்ந்து, இந்தியா தங்களையே மாற்றிவிட்டதாகச் சொல்வார்கள். இந்தக் கதையில் பட்ட கஷ்டத்துக்குக் கலாசார அதிர்ச்சி என்று பெயர், தேறியதற்குப் புரிதல் என்று பெயர். வருகிறவர்கள் மட்டும் இதை நம்பினால் விட்டுவிடலாம். நாமும்தான் நம்புகிறோம். வெள்ளைக்காரர் ஒருவர் சாலையைக் கடக்கத் தெரியாமல் விழிக்கிற வீடியோவையும், கையால் சாம்பார் சாதம் பிசைகிற வீடியோவையும் ஊரெல்லாம் அனுப்பி, நம் பண்பாட்டின் ஆழம் அவரை உலுக்கிவிட்டதாகப் பூரித்துப் போகிறோம். இரு தரப்பும் சேர்ந்து ஊட்டி வளர்க்கும் இந்த நம்பிக்கை தவறு. அந்த நண்பர்களை உலுக்கியவை பெரும்பாலும் வெயிலும் தூக்கமின்மையும் கிருமியும் பணமும்தான். நம் கலாசாரத்தை அவர்கள் அநேகமாகச் சந்திக்கவே இல்லை.

கலாசார அதிர்ச்சி என்ற கருத்தை உலகெங்கும் பரப்பியவர் கனடாவில் பிறந்த மானிடவியலாளர் காலர்வோ ஓபெர்க். 1954இல் ரியோ டி ஜெனிரோவில் ஒரு மகளிர் மன்றத்தில் அவர் ஆற்றிய உரை 1960இல் கட்டுரையாக வெளிவந்தது. வெளிநாட்டில் வேலை பார்க்கப் போய் அங்கேயே குடும்பம் நடத்துகிறவர்களைப் பற்றித்தான் அவர் பேசினார். எப்போது கை குலுக்குவது, யாருக்கு எவ்வளவு டிப்ஸ் கொடுப்பது, எந்த அழைப்பை ஏற்பது, எதை மறுப்பது என்று சொந்த ஊரில் யோசிக்காமலே செய்துவந்த நூறு காரியங்கள் புது ஊரில் பிடிபடாமல் போகின்றன. அதனால் வருகிற பதற்றமே அவர் விவரித்த அதிர்ச்சி. அதற்கு முந்திய கட்டத்தைத் தேனிலவு என்றார். வந்தவர் ஓட்டலில் தங்குகிறார், தன் மொழி தெரிந்த உள்ளூர்க்காரர்களோடு பழகுகிறார், எல்லாமே அழகாகத் தெரிகிறது. சில நாளிலிருந்து ஆறு மாதம்வரைகூட இது நீடிக்கலாம். வீடு பிடிப்பது, பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது என்று அன்றாட வாழ்க்கை தலையில் விழுந்த பிறகே அதிர்ச்சி தொடங்குகிறது. நார்வேக்காரரான ஸ்வெர்ரெ லிஸ்கோர் 1955இல் வெளியிட்ட ஆய்வும் இதே பக்கம்தான் சாய்கிறது. ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்கா போய்த் திரும்பிய சுமார் 200 பேரில், மிகவும் ஒட்டாமல் இருந்தவர்கள் 6 முதல் 18 மாதம்வரை தங்கியவர்கள். அதைவிடக் குறைவாகத் தங்கியவர்கள் நன்றாகவே இருந்தார்கள். ஆக, இந்தக் கருத்தைக் கொடுத்தவர்களின் கணக்கிலேயே, ஆறு வாரம் விடுதி விடுதியாகச் சுற்றி, ஆங்கிலம் தெரிந்த மேலாளரோடும் வழிகாட்டியோடும் பேசிவிட்டு விமானம் ஏறுகிறவர்கள் தேனிலவையே தாண்டவில்லை. முதல் வாரத்தில் அழுதது உண்மை. அந்த அழுகைக்கு வேறு காரணம் தேட வேண்டும்.

ரொம்ப தூரம் தேட வேண்டாம், உடம்பைப் பார்த்தால் போதும். இரவெல்லாம் பறந்து, சில மணி நேர வித்தியாசத்தில் தூக்கம் கெட்டு, மே மாதமென்றால் 40 டிகிரிக்கு மேல் காய்கிற வெயிலில் பையைச் சுமந்து அறை தேடி அலைகிற எவருக்கும் எந்த நாட்டிலும் கண்ணீர் வரும். அடுத்தது வயிறு. ‘டெல்லி பெல்லி’ என்று கேலிப் பெயர் சூட்டப்பட்ட வயிற்றுப்போக்கைப் பெரும்பாலும் உண்டாக்குவது ஈ.கோலை பாக்டீரியாவின் ஒரு வகை. மெக்சிகோவிலும் எகிப்திலும் அதே கிருமி அதே வேலையைத்தான் செய்கிறது. குடிநீரில் சாக்கடை கலப்பது நகராட்சி விவகாரம், நாகரிக விவகாரம் இல்லை. மலேரியா வராமலிருக்கப் பயணிகள் பலர் விழுங்கிவந்த மெஃப்ளோகுவின் மாத்திரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பதற்றம், கெட்ட கனவு, சிலருக்குப் பிரமைவரை கொண்டுபோய்விடக்கூடிய மருந்து அது. 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்குக் கட்டமிட்ட எச்சரிக்கையே விதித்தது. மும்பை பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் மனநல மருத்துவராக இருந்த ரெஜிஸ் ஏரோ, இந்தியா வந்து மனம் தடுமாறியவர்களைப் பற்றி 2000இல் எழுதிய புத்தகத்தை, இந்த மண்ணுக்கே ஏதோ மாய சக்தி இருப்பதற்கு அத்தாட்சியாகச் சிலர் காட்டுகிறார்கள். அவரிடம் வந்தவர்கள் எல்லோருமே மருந்தாலோ கஞ்சாவாலோ தடுமாறியவர்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் இருபது வயதில், முதன்முறையாக வீட்டை விட்டுப் பிரிந்து, தூக்கமில்லாமல், ‘அங்கே போனால் ஏதோ நடக்கும்’ என்ற எதிர்பார்ப்பைச் சுமந்துகொண்டு வருகிறவர்களில் சிலர் குழம்பிப் போவதற்கு எந்த நாட்டின் மாய சக்தியும் தேவையில்லை.

உடம்பை விட்டால் பணம். புது டெல்லி ரயில் நிலையத்தின் பஹார்கஞ்ச் பக்கம், முதல் மாடியில், வெளிநாட்டுப் பயணிகளுக்கென்றே முன்பதிவு அலுவலகம் இருக்கிறது. அவர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு, 365 நாள் முன்னதாகவே டிக்கெட் எடுக்கலாம். நமக்கு 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான். அந்த அலுவலகத்துக்குப் படியேறப் போகிறவர்களை, பளிச்சென்று உடுத்திய ஒருவர் மறிப்பார். ஆபீஸை மூடிவிட்டார்கள் என்பார், இல்லையென்றால் தீப்பிடித்துவிட்டது என்பார். அவரே ஆட்டோ பிடித்து, கன்னாட் பிளேஸில் அரசு அலுவலகம் போலவே பலகை மாட்டிய தனியார் ஏஜென்டிடம் அனுப்பிவைப்பார். ஆக்ராவுக்கு டிக்கெட் கேட்டு வந்தவர்கள் ஸ்ரீநகர் படகுவீட்டுக்குப் பணம் கட்டிவிட்டு வெளியே வருவார்கள். பயணக் கையேடுகள் பல காலமாக எச்சரித்துவரும் மோசடி இது. இதில் கலாசாரம் எங்கே இருக்கிறது? பாரிஸில் ஈபிள் கோபுரத்தின் அடியில் மனுவில் கையெழுத்துக் கேட்பதுபோல் அட்டையை நீட்டிப் பர்ஸை உருவுகிறார்கள். அதைப் பிரெஞ்சுக் கலாசாரம் தந்த அதிர்ச்சி என்று யாரும் எழுதுவதில்லை, திருட்டு என்றுதான் எழுதுகிறார்கள். ஆட்டோக்காரர் இரண்டு விலை சொல்கிறார் என்பது இன்னொரு மனக்குறை. தாஜ்மகாலுக்குள் நுழைய இந்தியருக்கு 50 ரூபாய், வெளிநாட்டவருக்கு 1100 ரூபாய். மாமல்லபுரத்தில் 40, 600. மத்திய அரசே பாஸ்போர்ட்டைப் பார்த்து விலை சொல்லும்போது, ஆட்டோக்காரர் ஆளைப் பார்த்துச் சொல்கிறார். அவ்வளவுதான். ஆட்டோக்காரர் கூடுதலாகக் கேட்கும் ஐம்பது ரூபாய்க்காக வெயிலில் நின்று அரைமணி நேரம் வாதாடி, வென்றுவிட்டதை உள்ளூர் வாழ்க்கைக்குப் பழகியதாகக் கணக்கெழுதிக்கொள்கிறவர்களை என்ன சொல்ல!

பழகுவது என்பதன் லட்சணத்தையும் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். சமூகவியலாளர் எரிக் கோஹன் 1972இல், சுற்றுலாப் பயணிகள் தங்கள் ஊரையே ஒரு குமிழிபோலச் சுற்றிலும் கட்டிக்கொண்டு அதற்குள் இருந்தபடியே அயல்நாட்டைப் பார்ப்பதை எழுதினார். அந்தக் குமிழியை விட்டு வெகுதூரம் விலகிப் போகிறவர்களாக அன்றைய நாடோடிப் பயணிகளைக் காட்டினார். மறு ஆண்டே, அந்த நாடோடிகளுக்கும் தனி வழித்தடம், தனி விடுதி, தனிச் சாப்பாட்டுக் கடை என்று வியாபாரம் அமைந்துவிட்டதைப் பதிவு செய்தார். இஸ்தான்புல்லிலிருந்து காபூல், லாகூர் வழியாகத் தரைமார்க்கமாக இந்தியா வந்துகொண்டிருந்த காலம் அது. 1979இல் ஈரான் புரட்சியும் ஆப்கானிஸ்தானில் சோவியத் படை புகுந்ததும் அந்தப் பாதையை அடைத்தன, குமிழி மட்டும் உடையவில்லை. இமாச்சலில் பார்வதி பள்ளத்தாக்கின் கசோலுக்குப் போனால் கடைப்பலகையில் ஹீப்ரு எழுத்து இருக்கும். சாப்பாட்டுப் பட்டியலில் ஷக்ஷூகா, ஹம்முஸ், வாழைப்பழ பான்கேக் இருக்கும். ‘ஹலோ டு த குயின்’ என்று ஒன்றும் இருக்கும். வாழைப்பழம், நொறுக்கிய பிஸ்கட், ஐஸ்கிரீம், சாக்லேட் எல்லாம் போட்ட இந்தப் பண்டம் எந்த இந்திய வீட்டு அடுப்படியிலும் பிறக்கவில்லை. பயணிகள் கடைகளிலேயே புழங்குகிறது. ஹம்பியில் துங்கபத்திரையின் மறுகரையில் விருபாபுர கட்டே என்ற இடத்தில் இதே பட்டியல், தரையில் மெத்தை விரித்த இதே கடைகள் இருந்தன. 2020இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை அடுத்து இடிக்கப்பட்டன. நண்பர் கூட்டமாக வரும்போது குமிழி இன்னும் கெட்டியாகிவிடுகிறது. பேச்சுத்துணை, சிரிப்பு, ஆறுதல் எல்லாமே கையோடு வந்துவிடுவதால் உள்ளூர் மனிதர் எதற்குமே தேவைப்படுவதில்லை. யாருக்கு ஏசி வேண்டும், யாரிடம் காசில்லை, யாரால் இன்னொரு கோயில் பார்க்க முடியாது என்று அவர்களுக்குள் நடக்கும் சண்டைதான் அந்தப் பயணத்தின் உண்மையான மனித உறவுச் சிக்கல். மூன்றாம் வாரத்தில் அவர்களுக்குப் பழகியது இந்தியா இல்லை, பயணிகளுக்கென்றே அமைந்த இந்தக் கடைத்தெரு.

இதற்கு வரக்கூடிய வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சிக்னலில் கார்க் கண்ணாடியைத் தட்டிக் கையேந்துகிற குழந்தையைப் பார்த்துத் துடித்துப் போவதும் வெறும் உடல் களைப்புதானா? இல்லை. அது மெய்யான அதிர்ச்சி, மதிக்க வேண்டிய அதிர்ச்சி. ஆனால் அது வறுமையைக் கண்ட அதிர்ச்சி. அதே சிக்னலில் பக்கத்துக் காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருக்கும் நம் ஊர்க்காரருக்கும் அந்தக் குழந்தைக்கும் கலாசாரம் ஒன்றுதான், வருமானம்தான் வேறு. பசியைக் கலாசாரம் என்று அழைத்தால் பசித்தவர் அதைத் தேர்ந்தெடுத்ததாக ஆகிவிடும். பெண் பயணிகளுக்கு நடக்கும் சீண்டலும் அப்படியே. உரசலையும் பின்தொடர்தலையும் ‘அங்கே வழக்கம் அப்படி, பழகிக்கொள்ள வேண்டும்’ என்று ஒரு பயணி இன்னொரு பயணிக்குப் புத்தி சொல்வதைக் கேட்கலாம். சென்னைப் பேருந்தில் போகிற கல்லூரிப் பெண்ணும் அதையே அனுபவிக்கிறாள், அவளும் பழகிக்கொள்ளவில்லை. குற்றத்துக்கு வழக்கம் என்று பெயர் கொடுப்பது குற்றவாளிக்குச் செய்கிற உதவி.

அப்படியானால் கலாசார வேறுபாடே இல்லையா என்று கேட்டால், நிச்சயமாக இருக்கிறது. ரயிலில் எதிரே உட்கார்ந்தவர் பத்தே நிமிடத்தில் சம்பளம் எவ்வளவு, கல்யாணம் ஆயிற்றா, ஏன் இன்னும் குழந்தை இல்லை என்று கேட்பார். ஆம் என்பதற்கும் பார்க்கலாம் என்பதற்கும் ஒரே மாதிரி தலையாட்டுவார். தம்ளரில் வாய் வைக்காமல் அண்ணாந்து குடிப்பார். இவையெல்லாம் முதலில் விசித்திரமாகத்தான் இருக்கும். ஆனால் யாரையும் இவை அழ வைத்ததில்லை, பார்த்துப் பார்த்தே கற்றுக்கொள்ளக்கூடியவை. சாதி, குடும்பச் சொத்து, கல்யாணப் பேச்சு, யார் வீட்டில் யார் எதுவரை வரலாம் என்பன போன்ற ஆழமான விஷயங்கள் விடுதி அறைக்கு வருவதே இல்லை. அவற்றைச் சந்தித்தவர்களும் இருக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் பிறந்த பில் எய்ட்கன் 1959இல் வழியில் கிடைத்த வண்டிகளில் ஏறி இந்தியா வந்தார். இமயமலை ஆசிரமங்களில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார், இந்தியக் குடிமகனாகி, 2025இல் இறக்கும்வரை இங்கேயே இருந்து எழுதினார். அவரை முன்னுதாரணமாகக் காட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவருக்குப் பிடிபட்டது ஒரு வாழ்நாள் செலவழித்ததால். திரும்பும் தேதி போட்ட டிக்கெட்டோடு வருகிறவர் அந்த வரிசையில் நிற்க முடியாது.

கலாசார அதிர்ச்சி நிஜமாகவே யாருக்கு வருகிறது என்று பார்த்தால் வேலூருக்கும் திருப்பூருக்கும் போக வேண்டும். 2019இல் இந்தியாவுக்கு வந்த 1.09 கோடி வெளிநாட்டவரில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வங்கதேசத்தவர்கள், முதலிடம் அவர்களுக்குத்தான். சிகிச்சைக்காக அவர்களில் பலர் வேலூர் சிஎம்சி மருத்துவமனைவரை வந்தார்கள். காந்தி ரோட்டு லாட்ஜில் வாரக்கணக்கில் அறை எடுத்து, ஸ்டவ்வில் தாங்களே மீன்குழம்பு வைத்து, தமிழும் தெரியாமல் ஆங்கிலமும் தெரியாமல், நோயாளியையும் வைத்துக்கொண்டு சீட்டு, பணம், பரிசோதனை என்று ஒவ்வொரு கவுன்டராக நின்றார்கள். ஓபெர்க் சொன்ன நிஜ வாழ்க்கை என்பது இதுதான். திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் நண்பனின் கைபேசி எண்ணை மட்டும் நம்பி வருகிற இளைஞர்களும் கூட்டமாகத்தான் வருகிறார்கள், முதுகில் பைதான். 2023 மார்ச்சில், வட மாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் போலி வீடியோக்கள் பரவியபோது அவர்களில் பலர் உயிருக்குப் பயந்து ரயில் ஏறினார்கள். இவர்கள் யாருடைய தடுமாற்றத்துக்கும் நாம் கலாசார அதிர்ச்சி என்று கௌரவமான பெயர் கொடுத்ததில்லை. அந்தப் பெயரை வசதியுள்ளவரின் அசௌகரியத்துக்கு மட்டும் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

இந்தப் பாரபட்சம் பேச்சோடு நிற்பதில்லை. பயணிகள் தடுமாறும்போது உதவ மத்திய சுற்றுலா அமைச்சகம் 1363 என்ற தொலைபேசி எண்ணை 2016இல் 12 மொழிகளில் தொடங்கியது. இந்தி, ஆங்கிலத்தோடு அரபி, பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன், ஜப்பானியம், கொரியன், சீனம், போர்ச்சுகீஸ், ரஷ்யன், ஸ்பானிஷ் ஆகிய மொழிகளை அதற்குத் தேர்ந்தெடுத்தார்கள். அப்போது வந்துபோனவர்களில் மிகப் பெரிய கூட்டத்தின் தாய்மொழியான வங்காளம் அந்தப் பன்னிரண்டில் இல்லை.