டிஸ்சார்ஜுக்குப் பிறகு யார் பார்ப்பது?

ஆசிரியருக்கு,

பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளைப் பாராட்டிய தங்கள் கட்டுரை நியாயமானது. ஆனால், வீடு திரும்பிய பின் அந்தக் குழந்தைகளை யார் கவனிப்பது என்பதை அது தொடவில்லை.

எங்கள் தெருவில் ஏழாம் மாதத்திலேயே பிறந்த பெண் குழந்தை ஒன்று. டிஸ்சார்ஜ் சீட்டில் இருந்தது, இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லும் ஒற்றை ஆங்கில வரி. வயது ஒன்றைத் தாண்டியும் குழந்தை உட்காரவில்லை. "சில புள்ளைங்க மெதுவாத்தான் வளரும்" என்றார் பாட்டி. பிசியோதெரபி தொடங்கவே ஒன்றரை வயதாகிவிட்டது.

வழி இல்லாமல் இல்லை. 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசியக் குழந்தைகள் சுகாதாரத் திட்டத்தில், வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு மாவட்ட அளவில் இலவச சிகிச்சை மையங்கள் உண்டு. திருவனந்தபுரத்தில் உருவான, 17 வளர்ச்சிப் படிகள் கொண்ட அட்டவணையால் இரண்டு வயதுவரையுள்ள குழந்தைகளைச் சில நிமிடங்களிலேயே சோதித்துவிடலாம். தகவல்தான் பெற்றோரைச் சேரவில்லை.

கண், காது, வளர்ச்சிப் பரிசோதனைத் தேதிகளையும் மையத்தின் முகவரியையும் தமிழில் எழுதி, டிஸ்சார்ஜின்போதே தாய்-சேய் நல அட்டையில் ஒட்டித் தர வேண்டும். தேதி தவறினால் கிராம சுகாதாரச் செவிலியருக்குத் தகவல் போக வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திண்டுக்கல்