நாய்க்கு ஒரு சவர்க்காரம்



கடந்த மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், சன்ட்றிங்ஹாம் பகுதியில் வாழும் குடும்பம் ஒன்று நம் இல்லம் தேடி வந்தது. தந்தையின் கையில் ஓர் ஐஸ்கிரீம் பெட்டி. அதனுள் வெளிறிய மஞ்சள் நிறத்தில், ஓரங்கள் நொறுங்கிய ஒரு கட்டி. தாயின் இடுப்பிலே கைக்குழந்தை. பின்னால், பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் தன் நாயைக் கயிற்றில் பிடித்தபடி வாசலிலேயே நின்றான்.

"மாஸ்ரர், நாய்க்கெண்டு நானே காய்ச்சின சவர்க்காரம். போடலாமோ எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ" என்றார் தந்தை.

ஊரிலே வரலாறும் தமிழும் கற்பித்தவர் நாம். இரசாயனம் நம் துறையன்று. ஆயினும் அந்நிய மண்ணிலே ஒருவரை ஒருமுறை 'மாஸ்ரர்' என்று அழைத்துவிட்டால், வரி விண்ணப்பம் முதல் வயிற்றுவலி வரை அவரே பொறுப்பு. ஆகவே அவர்களை உள்ளே அழைத்துத் தேநீர் கொடுத்து விபரம் கேட்டோம்.

நாய் சில மாதங்களாக ஓயாது சொறிகிறது. வயிற்றிலும் தொடை இடுக்கிலும் தோல் சிவந்து மயிர் உதிர்கிறது. வீட்டிலே தவழும் குழந்தை உண்டு; தாய்க்குப் பயம். குளியற் சவர்க்காரம், பாத்திரம் கழுவும் திரவம் என்று கைக்கு வந்ததையெல்லாம் போட்டுக் கழுவினர். சொறி கூடியதேயன்றிக் குறையவில்லை. இறுதியில், "இந்தக் கிழமைக்குள் சுகம் வராவிட்டால் நாயைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம்" என்று தந்தை தீர்ப்புச் சொல்லிவிட்டார். இந்த நாட்டுக்கு வந்து ஓராண்டாக வகுப்பிலே வாய் திறவாதிருந்த அந்தப் பிள்ளை, முதன்முதலிற் பேசத் தொடங்கியதே அந்த நாயோடுதான் என்று தாய் மெதுவாகச் சொன்னார். தகப்பனுக்கும் அது தெரியாததல்ல. தெரிந்தபடியாற்றான் இரவிலே விழித்திருந்து சவர்க்காரம் காய்ச்சியிருக்கிறார்.

அவர் காய்ச்சிய முறையைக் கேட்டபோது நமக்கு வியர்த்தது. தேங்காயெண்ணெய் இரண்டு கோப்பை. அடைபட்ட வடிகாலைத் திறப்பதற்குக் கடையில் விற்கும் எரிசோடா 'ஒரு கைப்பிடியளவு'. பாத்திரமோ அலுமினியச் சட்டி. சட்டி பொங்கிக் கறுத்து மூச்சடைக்கும் ஆவி கிளம்பியபோது, சிறுவன் இரண்டு முழத் தொலைவிலே நின்றானாம். மிஞ்சிய எரிசோடா, பெயரெழுதாத ஜாம் போத்தலொன்றிலே குசினித் தட்டில் இருக்கிறதாம்.

முதல் வேலையாக அந்தப் போத்தலுக்குப் பெயரெழுதிப் பூட்டி வைக்கச் சொன்னோம். பின்னர், ஊரிலே இரசாயனம் கற்பித்த நண்பர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தோம். அவர் சொன்னவற்றையும், நூலகத்திலே நாம் தேடிப் படித்தவற்றையும் இங்கே தருகிறோம். நம்மவர் பலர் இன்று வீட்டிலே சவர்க்காரம் செய்து பார்க்கிறார்கள் என்பதால் இது பயன்படும்.

சவர்க்காரம் என்ற சொல்லினுள்ளேயே காரம் இருக்கிறது. எண்ணெயோ கொழுப்போ காரத்தோடு சேர்ந்து சவர்க்காரமாகவும் கிளிசரீனாகவும் மாறுகிறது. முன்னாளிலே மரச் சாம்பலை ஊறவைத்து வடித்த நீரே காரம். இந்நாட்டிலும் குடியேறிய வெள்ளையரின் பண்ணைகளிலே ஆட்டுக் கொழுப்பையும் சாம்பல் நீரையும் கொண்டு பெண்கள் சவர்க்காரம் காய்ச்சினர். பிரெஞ்சு தேசத்து லெப்ளாங்க், உப்பிலிருந்து சோடாவைப் பெறும் முறைக்கு 1791இல் உரிமம் பெற்றார். அதே தேசத்துச் செவ்ரல், கொழுப்புகளின் இயல்பை ஆராய்ந்து 1823இல் நூலாக வெளியிட்டார். அதன் பின்னரே சவர்க்காரம் கைப்பழக்கமாக இருந்த நிலை மாறிக் கணக்காக ஆனது.

அந்தக் கணக்கைத்தான் நம் நண்பர் தவறவிட்டார். ஒவ்வோர் எண்ணெய்க்கும் வேண்டிய காரம் வெவ்வேறு. 100 கிராம் தேங்காயெண்ணெய்க்கு ஏறத்தாழ 18 கிராம் எரிசோடா வேண்டும். 100 கிராம் ஒலிவ் எண்ணெய்க்கு ஏறத்தாழ 13.5 கிராம் போதும். அளவு கூடினால் மிஞ்சிய காரம் கட்டியிலே தங்கித் தோலைச் சுடும். ஓரம் நொறுங்குவது அதற்கொரு அறிகுறி. அலுமினியமோ எரிசோடாவுடன் கலந்து ஐதரசன் வாயுவைக் கிளப்பும், அது தீப்பற்றக்கூடியது. ஐஸ்கிரீம் பெட்டியில் இருந்த கட்டியை நாய்க்கு மட்டுமன்றி எவருக்கும் போடலாகாது என்று சொன்னோம். சிறுவனின் முகம் வாடியது. "சரி, தம்பி, அடுத்த சனிக்கிழமை எங்கள் கராஜிலே ஒழுங்காகச் செய்து பார்ப்போம்" என்றோம்.

அவ்வாறே செய்தோம். அளவு வருமாறு: ஒலிவ் எண்ணெய் 350 கிராம், தேங்காயெண்ணெய் 125 கிராம், வேப்பெண்ணெய் 25 கிராம், தண்ணீர் 165 கிராம், எரிசோடா 70 கிராம். கணக்குப்படி வேண்டியதிலும் எரிசோடா நூற்றுக்கு ஐந்து பங்கு குறைவு. சிறிது எண்ணெய் மிஞ்சியிருந்தால் தோலுக்கு இதம். கோப்பையால் அளவாமல், நீர் உட்பட அனைத்தையும் தராசிலே நிறுக்க வேண்டும். துருப்பிடிக்காத உருக்குப் பாத்திரம் வேண்டும். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, கதவு திறந்து, பிள்ளைகளையும் நாயையும் வெளியே அனுப்பிவிட்டுத் தொடங்க வேண்டும். எரிசோடாவைத் தண்ணீரிலே சிறிது சிறிதாக இடவேண்டும். எரிசோடாவின் மேல் தண்ணீரை ஊற்றலாகாது. ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கரைசல் ஆறியபின் எண்ணெய்க் கலவையிலே சேர்த்துத் தயிர்ப் பதம் வரும்வரை கலக்கி, அச்சிலே வார்த்து, மறுநாளோ அதற்கு மறுநாளோ வெட்டி, நான்கு முதல் ஆறு கிழமை காற்றோட்டமான இடத்திலே உலரவிட வேண்டும்.

எரிசோடா தோலிலோ கண்ணிலோ பட்டால், ஓடும் நீரிலே குறைந்தது இருபது நிமிடம் கழுவுங்கள். வினாகிரி ஊற்ற வேண்டாம். யாரேனும் விழுங்கிவிட்டால் வாந்தியெடுக்க வைக்க வேண்டாம். நச்சுத் தகவல் நிலையத்தின் இலவச எண் 0800 764 766. ஆபத்தான நிலையெனில் 111. இவ்விரு எண்களையும் குளிர்சாதனப் பெட்டியிலே எழுதி ஒட்டி வையுங்கள்.

சவர்க்காரம் உலர ஆறு கிழமை. தந்தை தந்த தவணையோ ஒரு கிழமை. ஆகையால் தகப்பனிடம் பேசினோம். "சொறி எதனால் வந்ததென்று தெரியாமல் சவர்க்காரத்தைக் குறைசொல்வதும் புகழ்வதும் வீண். ஒருமுறை மிருக வைத்தியரிடம் காட்டிவிட்டுப் பின்னர் முடிவெடுங்கள்" என்றோம். செலவை எண்ணித் தயங்கினார். அகதியாக வந்த குடும்பத்துக்கு அந்தத் தயக்கம் நியாயமானதே. எனினும் நான்கு போத்தல் ஷம்பூவும் எண்ணெயும் வாங்கிய கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது, தொகை வைத்தியரின் கட்டணத்தை நெருங்கியிருந்தது. போனார்.

வைத்தியர் நாயின் வயிற்றைப் பார்த்த பின் கேட்ட முதற் கேள்வி, "உங்கள் வளவிலே வாண்டரிங் வில்லி இருக்கிறதா?" என்பதாம்.

வாசகர்களே, இந்தச் செடியை நீங்கள் நிச்சயம் கண்டிருப்பீர்கள். ஒக்லண்டிலே நிழலான வேலியோரங்களிலும் ஓடைக்கரைகளிலும் பச்சைப் பாய் விரித்தாற்போலப் படரும். பளபளக்கும் இலை, மூன்று இதழுள்ள சிறிய வெள்ளைப் பூ. அழகென்று நாம் விட்டுவிடுகிறோம். தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்தக் களையிலே புரளும் நாய்கள் பலவற்றுக்கு வயிறு, பாதம், தொடை இடுக்கு ஆகிய மயிர் குறைந்த இடங்களிலே ஒவ்வாமை உண்டாகிறது. அவர்களுடைய பின்வளவின் வேலியோரம் முழுவதும் அதுதான். அப்பனும் மகனுமாக இரண்டு வாரஇறுதிகள் நின்று வாரினர். ஒரு சிறு தண்டு மிஞ்சினாலும் மீண்டும் வேர்விடும். ஆகவே உரக்குவியலிலே போடாமல் பையிலே கட்டி அகற்ற வேண்டும்.

நாயின் உடம்பிலே தெள்ளும் இருந்தது. அதற்கு வைத்தியர் மருந்து கொடுத்தார். தெள்ளுக்குச் சவர்க்காரம் மருந்தாகாது. நாயின்மேல் நாம் காணும் தெள்ளு சிறுபகுதியே. முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் கம்பளத்திலும் படுக்கையிலும் கிடக்கின்றன. ஒக்லண்டின் ஈரமான, கடுங்குளிரற்ற காலநிலை அவற்றுக்கு நல்ல வாசஸ்தலம். படுக்கைத் துணியைக் கிழமைக்கொரு முறை சுடுநீரிலே தோய்த்து, கம்பளத்தைத் தூசுறிஞ்சியால் நன்றாக இழுத்தெடுக்க வேண்டும்.

அப்படியானால் நாம் செய்த சவர்க்காரம் எதற்கு? உண்மையைச் சொல்ல வேண்டும். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் சவர்க்காரம் காரத்தன்மை உடையது. அதன் பீ.எச். பெறுமானம் 9க்கும் 10க்கும் இடைப்பட்டது. மனிதரின் தோல் 5ஐச் சற்றே கடந்த அமிலத்தன்மை உடையது, நாயின் தோலோ நடுநிலையாகிய 7ஐ அண்மித்தது, நம்முடையதிலும் மெல்லியது. அடிக்கடி சவர்க்காரம் போட்டால் அதன் இயல்பான எண்ணெய் நீங்கித் தோல் வரண்டு மேலும் சொறியும். நல்ல தோலுள்ள நாய்க்கு, சேறு பூசிக்கொண்ட நாளிலே, கண்ணிலே படாமல் போட்டு நன்றாக அலசிவிடலாம். சொறியுள்ள நாய்க்கு வேண்டாம். அதற்கு நாய்களுக்கென்றே செய்யப்பட்ட ஷம்பூ உண்டு. அல்லது ஓட்ஸை அரைத்து இளஞ்சூட்டு நீரிலே கரைத்து, அந்தக் கஞ்சியைப் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவலாம். வாசனைக்கென்று டீ ட்றீ எண்ணெய் சேர்க்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. செறிவான டீ ட்றீ எண்ணெய் நாயைத் தள்ளாட வைக்கும், நடுங்க வைக்கும். நாய் தன் உடலை நக்கும் பிராணி என்பதை மறவாதீர்கள்.

ஆறு கிழமை கழித்து உலர்ந்த நம் கட்டிகள், ஆகவே, நாயின் படுக்கையைத் தோய்க்கவும் சிறுவனின் சேற்றுக் கைகளைக் கழுவவும் பயன்படுகின்றன. வெள்ளை நுரை பொங்குகிறது. அதற்கும் காரணம் உண்டு. ஹூனுவா, வைட்டாக்கரே மலைகளின் அணைகளிலே தேங்கும் மழைநீர் மென்னீர். நம் யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரோ சுண்ணாம்புக் கல்லூடாக ஊறிவரும் வன்னீர். சுண்ணாம்பு சவர்க்காரத்தைப் பிடித்துத் திரளாக்கிவிடும். ஊரிலே அம்மா எவ்வளவு தேய்த்தும் நுரை வராததற்கு அவரது கையின் பலவீனம் காரணமன்று.

அந்த நுரையைப் பார்க்கும்போது நமக்கு வேறு காலம் நினைவுக்கு வருகிறது. மில்க்வைற் சவர்க்காரத்தை ஊரிலேயே உற்பத்தி செய்த மக்கள் நாம். 1990 ஆனியிலே யுத்தம் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடை வந்தபின், ஒரு கட்டிச் சவர்க்காரம் பொன்னாயிற்று. பனம்பழத்தைப் பிழிந்து அந்தக் களியிலே துணி தோய்த்தோம். உலரப் போட்ட சேலையை மணம் பிடித்த மாடுகள் வந்து சப்பும். அதைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தோம்.

அப்போது நம் வீட்டிலும் ஒரு நாய் இருந்தது. 1995 ஐப்பசி 30ஆம் நாள் இரவு, வலிகாமத்து மக்களெல்லாம் மழையிலே நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தபோது, அது நம் சைக்கிளோடு செம்மணி வரை வந்தது. அந்தச் சன நெரிசலிலே எந்த இடத்திலே அது பின்தங்கியது என்று நமக்குத் தெரியாது. திரும்பிப் பார்க்கவும் இடமிருக்கவில்லை. அடுத்த ஆண்டு வீடு திரும்பியபோது முற்றத்திலே அதன் தண்ணீர்ச் சட்டி மட்டும் கவிழ்ந்து கிடந்தது. இதைப் படிக்கும் குடும்பங்களிலே இப்படியொரு சட்டியை நினைவில் வைத்திருப்போர் பலர் இருப்பர். மனிதரையே இழந்தவர் முன்னே நாயைப் பற்றிப் பேசக் கூச்சமாக இருந்தபடியால், நாம் எவரும் அதைப் பேசியதில்லை.

அந்தத் தந்தையும் அன்று பத்து வயதுச் சிறுவனாக அதே பாலத்தைக் கடந்தவர்தான். தம்முடைய நாயின் பெயரை அண்மையிலேதான் மகனுக்குச் சொன்னாராம்.

சென்ற கிழமை அவர்கள் மீண்டும் வந்தனர். நாயின் வயிற்றிலே புதுமயிர் முளைத்திருந்தது. திருப்பிக் கொடுக்கும் பேச்சு இல்லை. மாநகர சபையிலே நாயைப் பதிவு செய்யும் படிவத்தைத்தான் கொண்டுவந்திருந்தனர். மூன்று மாதம் கடந்த ஒவ்வொரு நாயையும் பதிய வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம். படிவத்தை நாம் நிரப்ப முற்பட்டபோது சிறுவன் பேனாவை வாங்கிக்கொண்டு, தானே எழுதுவதாகச் சொன்னான்.

எழுதினான். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.